செவிலியர் மாறினால் சிகிச்சையும் மாறுமா? நீலகிரியை முன்வைத்து ஒரு விளக்கம்

தமிழ்நாட்டில் ஒப்பந்த செவிலியர் போராட்டம் செய்தியில் அடிபடும்போதெல்லாம் பேச்சு சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. பணி நிரந்தரம், தொகுப்பூதியம் (படிகளும் ஆண்டு உயர்வும் இல்லாத ஒட்டுமொத்தச் சம்பளம்), விடுப்பு என்று கோரிக்கைகள் வரிசையாக வரும். ஊசி போட யாரோ ஒருவர் இருந்தால் போதாதா, அவர் நிரந்தரமா தற்காலிகமா என்பது கட்டிலில் படுத்திருப்பவருக்கு எதற்கு என்ற கேள்வி மட்டும் பலர் மனத்திலும் பதில் இல்லாமல் கிடக்கிறது.

நீலகிரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கிறது. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள பழக்கம் சிகிச்சையின் ஒரு பகுதி. அது அறுந்தால் சிகிச்சையும் கெடும். மலையில் இது சமவெளியைவிடச் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

யார் யார் செவிலியர்

'நர்ஸ்' என்று பொதுவாகச் சொன்னாலும் நோயாளி சந்திப்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல.

1. ஸ்டாஃப் நர்ஸ்: வார்டிலும் பிரசவ அறையிலும் இருப்பவர். மூன்றாண்டு டிப்ளமோவோ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்தவர். 'சிஸ்டர்' என்று நோயாளிகள் கூப்பிடுவது இவரைத்தான்.

2. கிராம சுகாதார செவிலியர்: துணை சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவர், ஊருக்கு 'நர்ஸம்மா'. கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, குடும்பநலம் எல்லாம் இவர் கையில். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. காகிதத்தில் வேலை குறைவு போலத் தோன்றும். அந்த 3,000 பேர் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளிலும், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும், காட்டோரப் பழங்குடிக் குடியிருப்புகளிலும் சிதறிக் கிடப்பார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

3. வீடு தேடி வருபவர்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் செவிலியர்.

தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ்களும் இந்த மாவட்டத்துக்கு உரியவர்கள். தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்களில் பலருக்கு முதல் மருத்துவ முகம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ்தான்.

உறவு என்றால் கனிவு மட்டுமா

'அந்த சிஸ்டர் நல்லவங்க', 'இவங்க எரிஞ்சு விழுவாங்க' என்று குணத்தை வைத்தே செவிலியரை எடைபோடுகிறோம். அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1950-களிலேயே இதை வேறு விதமாகப் பார்த்தார். செவிலியர்–நோயாளி உறவு என்பது கட்டம் கட்டமாக வளரும் ஒரு வேலை என்றார். பின்னால் வந்தவர்கள் அதை மூன்று கட்டங்களாகச் சுருக்கிச் சொல்கிறார்கள். முதலில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது, பிறகு சேர்ந்து நோயைக் கையாள்வது, கடைசியில் நோயாளி தன் காலில் நிற்கத் தொடங்கியதும் செவிலியர் விலகிக்கொள்வது.

முதல் கட்டம் முடியாமல் இரண்டாம் கட்டம் நடக்காது. மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா, வீட்டில் அடி விழுகிறதா, குடிப்பழக்கம் உண்டா, மாதவிடாய் எப்போது நின்றது, நாட்டு மருந்து எடுக்கிறாரா என்பவை எதையும் எக்ஸ்ரே காட்டாது. நோயாளி வாயைத் திறந்தால்தான் தெரியும். டாக்டர் ரவுண்ட்ஸில் சில நிமிடம் நிற்பார். அப்போது வராத சொல் ராத்திரி ட்ரிப்ஸ் மாற்ற வரும் சிஸ்டரிடம் வரும். அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினால் மறுநாள் மருந்தே மாறக்கூடும்.

மலை என்ன செய்கிறது

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதால் உடம்பின் அளவுகளே இடத்துக்கு இடம் மாறும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் 98, 99 காட்டும் ஆரோக்கியமான ஆளுக்கு ஊட்டியில் 95, 96 காட்டலாம், பயப்பட ஒன்றுமில்லை. விரல் சில்லிட்டிருந்தால் கருவி உள்ளதைவிடக் குறைத்தும் காட்டும். அனுபவப்பட்ட சிஸ்டர் முதலில் நோயாளியின் கையைத் தன் இரு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவார், பிறகு கருவியை மாட்டுவார். ட்ரிப்ஸுக்கு வென்ஃப்ளான் (கையில் செருகிவைக்கும் சிறு ஊசிக்குழாய்) போடும்போதும் அப்படியே. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி உள்ளே போயிருக்கும். கையை வெதுவெதுப்பாக்காமல் குத்தினால் மூன்று நான்கு இடத்தில் குத்தவேண்டி வரும். இந்த அரை நிமிடத் தேய்ப்பில் அளவும் சரியாக வருகிறது, நோயாளியின் அச்சமும் குறைகிறது. தொழில்நுட்பத்தையும் பரிவையும் இங்கே தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

அடுத்தது தூரம். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு சுமார் 50 கிலோமீட்டர் மலைச்சாலை. ஊட்டியிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்கு மேலும் 85 கிலோமீட்டருக்குக் குறையாது. சீசன் நெரிசலும் மழைக்கால மண்சரிவும் சேர்ந்தால் நேரத்தைக் கணிக்கவே முடியாது. 2022-இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும், 2025-இல் 700 படுக்கைகளோடு அதன் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டதும் பெரிய மாற்றங்கள். இருந்தாலும் அங்கே போய்ச் சேரவேண்டும். 'கீழே ரெஃபர் பண்றோம்' என்று சொல்லும்போது கூலிவேலை பார்க்கும் குடும்பம் கணக்குப் போடும்: கூட யார் போவது, சாப்பாட்டுக்கு என்ன வழி, திரும்பி வர பஸ் காசு எங்கே. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, 108-இல் ஏற்றும் முன் அங்கே எந்த வார்டு, யாரைக் கேட்பது என்று சொல்லி அனுப்பும் செவிலியர் இருந்தால் நோயாளி போய்ச் சேருவார். இல்லையென்றால் பாதி வழியில் இறங்கி வீடு திரும்பும் வாய்ப்பு உண்டு.

வலியை நம்புவது யார்: கூடலூரின் சிக்கிள் செல் பாடம்

இந்த உறவின் மதிப்பு முழுதாகத் தெரியும் நோய் ஒன்று நீலகிரியில் இருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகை என்று பெயர், ஆஸ்பத்திரி வழக்கில் சிக்கிள் செல். இந்தியாவில் இது முதன்முதலாக 1952-இல் நீலகிரி மக்களின் ரத்தத்தில்தான் கண்டறியப்பட்டது. கூடலூர், பந்தலூர்ப் பகுதியின் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் சமூகங்களில் இன்றும் காணப்படுகிறது.

இது பரம்பரை நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் தாங்கி, பொதுவாக நலமாகவே இருப்பார். இருவருமே தாங்கியாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. நோயுள்ளவரின் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாள் வடிவில் வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் அடைப்பு ஏற்பட்டால் வரும் வலி தாங்க முடியாதது.

அந்த வலிக்கு வெளி அடையாளம் கிடையாது. வீக்கம், காயம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கும், பி.பி.யும் நாடியும் சரியாகவே இருக்கலாம். நோயாளியின் சொல் ஒன்றுதான் சான்று. இருபது வயதுப் பணியர் பெண் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கத்தவில்லை, அழவில்லை. சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்துக்கொள்கிறார். இதற்கு முன் பலமுறை ஆஸ்பத்திரி வந்தவர். கத்தினால் யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கு அனுபவம். புதிதாக டியூட்டிக்கு வந்த செவிலியர், 'வலி பெரிசா இல்லை போல, காலையில பார்க்கலாம்' என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. அவரைத் தெரிந்த செவிலியருக்கு அந்தச் சுருண்ட முதுகே போதும். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று அவர் மொழியில் கேட்பார், டாக்டரை எழுப்புவார், கம்பளி போர்த்துவார், தண்ணீர் குடிக்க வைப்பார், ட்ரிப்ஸ் ஏற்றுவார். குளிரும் உடம்பில் நீர் வற்றுவதும் இந்த வலியைக் கிளப்பிவிடும் காரணங்கள் என்பதால் கம்பளியும் தண்ணீரும் இங்கே மருந்து.

உயரமும் அப்படிப்பட்ட ஒரு காரணம்தான். 1,000 மீட்டரில் இருக்கும் சிக்கிள் செல் நோயாளியை மேல்சிகிச்சைக்கென்று 2,240 மீட்டருக்கு, அதுவும் குளிரில் அனுப்பும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆம்புலன்சில் போர்வையும் தண்ணீரும் ஆக்சிஜனும் தயாராக இருக்கவேண்டும் என்று யோசிக்க, நோயாளியை மட்டுமல்லாமல் இந்தச் சாலையையும் அறிந்தவர் தேவை.

பழக்கம் உயிர் காக்கும் இடங்கள் வேறும் உண்டு:

1. வழக்கமான அளவு: சிக்கிள் செல் நோயாளிக்கு நலமாக இருக்கும் நாளிலேயே ஹீமோகுளோபின் 7, 8 என்று இருக்கலாம். தெரியாதவர் பதறி ரத்தம் ஏற்றச் சொல்வார். தேவையில்லாமல் ஏற்றிய ரத்தம் பின்னால் சிக்கல் தரும். மறுபக்கம், ஆக்சிமீட்டரில் எப்போதும் 95 காட்டுபவருக்கு இன்று 90, கூடவே நெஞ்சுவலி என்றால் அது ஆபத்து. இரண்டையும் பிரித்தறிய அவருடைய வழக்கமான அளவு தெரிந்திருக்கவேண்டும்.

2. காய்ச்சல்: இவர்களுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் தொற்று வேகமாகப் பரவும். காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதைத் தாயின் மனத்தில் பதியவைப்பது ஒரே நாள் அறிவுரையால் நடக்காது.

3. ஹைட்ராக்சியூரியா: வலி வரும் தடவைகளைக் குறைக்கும் மாத்திரை. தினமும் எடுக்கவேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும், கர்ப்பத்தில் தவிர்க்கவேண்டும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண் அதை மாமியாருக்குத் தெரியும் முன் செவிலியரிடம் சொல்லும் அளவுக்கு நெருக்கம் இருந்தால்தான் மருந்தை நேரத்தில் நிறுத்த முடியும்.

மத்திய அரசு 2023 ஜூலையில் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி 2047-ஐ இலக்காக வைத்திருக்கிறது. பரிசோதித்து அட்டை கொடுப்பதோடு அந்த வேலை முடியாது. 'நீங்கள் தாங்கி' என்று ஒரு இளைஞனிடமோ பெண்ணிடமோ சொல்லிவிட்டு, அதனால் கல்யாணப் பேச்சில் அவர் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்வது கடினமான பகுதி. அதையும் செய்யவேண்டியவர் செவிலியர்தான்.

கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990-இல் தொடங்கியபோதே ஒரு முடிவெடுத்தது: பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுப்பது. அந்த முடிவின் மருத்துவப் பயனை அழுத்திச் சொல்லவேண்டும். பணியர் பெண்ணுக்குப் பணியர் மொழியில் பதில் சொல்லும் சிஸ்டர் வார்டில் இருந்தால், பயந்து நடுராத்திரியில் சொல்லாமல் கிளம்பிப் போகும் நோயாளிகள் குறைவார்கள். கேஸ் ஷீட்டில் 'ஆப்ஸ்காண்ட்' என்று எழுதி மூடப்படும் பல கதைகளுக்குப் பின்னால் இருப்பது அலட்சியம் என்று நம்பிவிடுகிறோம். புரியாத மொழி, கூட இருக்க ஆள் இல்லாமை, வீட்டில் விட்டு வந்த குழந்தை, செலவைப் பற்றிய அச்சம் எல்லாம் சேர்ந்துதான் மனிதரை எழுந்து போகவைக்கின்றன.

எண்ணிக்கை, மொழி, காலம்

உறவு கெடுவதற்கு முதல் காரணம் எண்ணிக்கை. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். நம் வார்டுகளில் ராத்திரி ஷிஃப்டில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டில் பார்க்கிறார் என்பதை உள்ளே படுத்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஊசி, மாத்திரை, பி.பி., ரெஜிஸ்டர், ஆன்லைன் பதிவு என்று ஓடுபவர் நின்று பேசாததைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். சிடுசிடுக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பழங்குடி நோயாளியை ஒருமையில் அதட்டுவதை எந்த வேலைப்பளுவும் நியாயப்படுத்தாது.

மொழி இரண்டாவது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிச் சமூகங்கள், படுகு பேசும் படுகர்கள், கூடலூர்ப் பக்கம் மலையாளம், தோட்டங்களில் அண்மைக்காலமாக வடமாநிலத் தொழிலாளர்களின் பேச்சு. மதுரையிலோ தஞ்சையிலோ படித்து வந்த செவிலியருக்கு வார்டு முழுக்கத் தமிழ்நாடுதான், ஆனால் வலியைச் சொல்லும் சொல் பாதிப் பேரிடம் தமிழில் இருக்காது.

மூன்றாவது காலம். இதில்தான் ஒப்பந்த முறை வந்து மோதுகிறது.

ஒப்பந்தம் எங்கே வெட்டுகிறது

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டு கழித்து காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பள விகிதத்துக்கு, வரலாம் என்பது எதிர்பார்ப்பு. நிரந்தரப் பணியிடம் காலியானால்தான் நடக்கும் என்பதால் பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. ஊதியம் பின்னர் உயர்ந்தது, முறை மாறவில்லை. கொரோனா காலத்தில் 2020-இல் எடுக்கப்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டதும், அவர்கள் தெருவில் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும்.

மலையில் இதன் விளைவை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

1. ஊட்டி, குன்னூரில் சுற்றுலாவால் வீட்டு வாடகை அதிகம். தொகுப்பூதியத்தில் குடும்பத்தை அழைத்து வர முடியாது. பிள்ளைகள் கீழே, அம்மா மேலே.

2. அதனால் மாறுதல் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே இறங்கிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

3. பணி நிரந்தரமாகும் நல்ல செய்தி வந்தாலும், காலியிடம் இருக்கும் ஊருக்குத்தான் போகவேண்டும். அவருக்குக் கிடைத்த நியாயம் நோயாளிக்கு இழப்பாக முடிகிறது.

4. புதியவர் வந்து பழைய நிலைக்கு உறவைக் கொண்டுவரும் முன் மருந்து விட்டவர்கள், பதிவாகாத கர்ப்பங்கள், தடுப்பூசி தவறிய குழந்தைகள் சேர்ந்துவிடும்.

ஆகவே 'எல்லோரையும் நிரந்தரம் ஆக்குங்கள்' என்பது தேவையான கோரிக்கை, மலைக்கு அது மட்டும் போதாது. இருக்கும் இடத்திலேயே நிரந்தரம், குடியிருப்பு, மலைப்பணிக்குத் தனிப்படி, மாவட்டத்துப் பழங்குடிப் பெண்களுக்கு நர்சிங் இடம் ஆகியவை கூட வரவேண்டும்.

சட்டம் நடுவே வரும்போது

பதினேழு வயதில் கர்ப்பமாகி வரும் பெண். ஊர் வழக்கப்படி சேர்ந்து வாழ்கிறார், யாரும் வற்புறுத்தவில்லை என்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தின் பார்வையில் பதினெட்டு நிறையாதவரின் சம்மதம் செல்லாது. தெரிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு; செய்யாவிட்டால் தண்டனை உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு. கர்ப்பத்தைப் பதிவு செய்யவேண்டிய நர்ஸம்மாவே காவல்துறைக்குத் தகவல் போகும் வழியாகவும் ஆகிறார்.

கணவன் ஜெயிலுக்குப் போவான் என்று பயந்த பெண் பிரசவ வலி வரும்வரை ஒளிந்துகொண்டால், ரத்தசோகையும் ரத்தக் கொதிப்பும் கண்டுபிடிக்கப்படாமல் போகும். மிக இளம் தாய்மாருக்குத்தான் ஆபத்தும் அதிகம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமி விஷயத்தில், அவரும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் புகாரில் அடையாளத்தை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் வழிவிட்டது. குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அந்த வழி பொருந்தாது. சிறுமிகளைக் காக்கும் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. உண்மையான வன்கொடுமைகள் செவிலியரின் புகாரால்தான் பல நேரம் வெளிவருகின்றன. ஆனால் புகார் போனபின்னும் சிகிச்சை நிற்காது, நான் கூடவே வருவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவும் சொன்னபடி செய்யவும் செவிலியருக்கு நேரமும் மேலதிகாரிகளின் ஆதரவும் வேண்டும்.

நோயாளி தரப்பில் செய்யக்கூடியவை

ஷிஃப்ட் மாறும்போது சிஸ்டர்கள் ஒருவருக்கொருவர் 'ஓவர்' கொடுப்பார்கள்: இந்தக் கட்டிலுக்கு என்ன நோய், என்ன மருந்து போனது, எதைக் கவனிக்கவேண்டும். அந்த நேரத்தில் நோயாளியோ கூட இருப்பவரோ விழித்திருந்து விடுபட்டதைச் சொல்லலாம். அதில் தவறே இல்லை. எந்த மருந்து, எதற்கு என்று கேட்பதும், பரிசோதனையின்போது திரைமறைவு கேட்பதும் உரிமை. ஆத்திரத்தில் கை ஓங்குவது வேறு விஷயம். மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

சிக்கிள் செல், காசநோய், வலிப்பு, மனநோய் போன்ற நீண்டகால நோய் உள்ளவர்கள் தங்கள் வழக்கமான ஹீமோகுளோபின், ஆக்சிஜன் அளவு, எடுக்கும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, பேசும் மொழி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வது நல்லது. எழுதத் தெரியாதவர்களுக்குத் தற்போதைய நர்ஸம்மாவையே எழுதித் தரச் சொல்லவேண்டும். அவருக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது என்று தெரிந்தால், கிளம்பும் முன் புதியவரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வரும்படி கேளுங்கள்.